வயரிங் வகுப்பும் ஒரு பாராட்டு விழாவும்

1. கடைசி வகுப்பு

கோலாலம்பூரை அடுத்த கிள்ளானில் இருந்த அந்த இடைநிலைப்பள்ளிக்கு ஆலோசக ஆசிரியையாக மாற்றலாகிப் போன முதல் நாள், கைப்பையை மேசைமேல் வைப்பதற்குள் தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். பதினாறு வயதுப் பிள்ளைகள் படிக்கும் நான்காம் படிவத்தில் தொழில் பிரிவு ஒன்று இருக்கிறது. அதில் வயரிங் வகுப்புக்கு யாரும் சேருவதில்லை. இந்த முறையும் ஆள் இல்லையென்றால் மூடிவிட்டுப் பட்டறையைச் சாமான் அறையாக்கிவிடலாம். இதுதான் அவர் சொன்னது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கொமுட்டர் ரயிலில் நின்றபடியே வந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது. ஒரு வகுப்புக்குப் பூட்டுப் போடவா என்னை இங்கே மாற்றினீர்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. பட்டறையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

பட்டறை ஆசிரியர் பெயர் ரஹிம். எல்லோரும் சிக்கு ரஹிம் என்பார்கள்; சிக்கு என்றால் மலாயில் ஆசிரியர். ஒல்லியான ஆள், முகத்துக்கு நேரே பேசுகிறவர். ஆள் சேரவில்லை என்று தலைமையாசிரியர் சொன்னதில் பாதிதான் உண்மை என்றார். மூன்றாம் படிவம் முடிந்ததும் மதிப்பெண்ணில் ஆகக் கடைசி வகுப்பை அப்படியே மந்தையாகப் பட்டறைக்கு ஓட்டிவிடுவது அந்தப் பள்ளியின் வழக்கம். வகுப்பில் யாராவது சேட்டை செய்தால், “ஒழுங்கா இல்லன்னா பட்டறைக்கு அனுப்பிடுவேன்” என்று ஆசிரியர்களே மிரட்டுவார்களாம். அப்புறம் எந்தப் பிள்ளை விரும்பி வரும்? வந்தவர்களும் தண்டனையை அனுபவிக்கிற முகத்தோடுதான் உட்கார்ந்திருந்தார்கள்.

தலைமையாசிரியரிடம் திரும்பிப் போய், இனி யாரையும் பட்டறைக்கு அனுப்பாதீர்கள், சேர விரும்புகிறவர்கள் விண்ணப்பம் செய்து நேர்காணலுக்கு வரட்டும் என்றேன். அவர் சிரித்தார். ஆளே இல்லாத வகுப்புக்கு நேர்காணலா என்றார். கேட்டு வாங்குகிற பொருளுக்கு ஒரு மரியாதை, தலையில் கட்டுகிற பொருளுக்கு ஒரு மரியாதை என்று பதில் சொன்னேன். ஒரு வருடம் பார்க்கலாம் என்று விட்டுக்கொடுத்தார்.

அடுத்து பெற்றோர்களைக் கூப்பிட்டோம். மண்டபத்தில் உட்காரவைத்துப் படம் காட்டவில்லை. சனிக்கிழமை காலையில் நேரே பட்டறைக்கே வரச் சொன்னோம். தேநீரும் கரிபாப்பும் கொடுத்த கையோடு, ஆளுக்கொரு ஸ்க்ரூடிரைவரையும் கொடுத்தார் ரஹிம். மாடிப்படியில் இருப்பதுபோல் ஒரே விளக்குக்கு இரண்டு சுவிட்ச் வைக்க வேண்டும். தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை வேலை செய்யும் ஓர் அம்மா முதலில் எரியவைத்தார். எரிந்ததும் யாரெல்லாம் பார்த்தார்கள் என்று சுற்றுமுற்றும் பார்த்தார். அந்த அம்மாவின் மகன் அந்த வருடம் சேர்ந்தான்.

ஊக்கமூட்டும் பேச்சாளர்களை நிறுத்தினேன். வந்து கை தட்டச் சொல்வார்கள், பிள்ளைகள் தட்டுவார்கள், அதோடு சரி. அவர்களுக்குப் பதிலாக, பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் டெக்னீஷியன்களை அழைத்தோம். அவர்களுக்கு மேடைப் பேச்சு வராது. ஆனால் பிள்ளைகள் கேட்ட கேள்வியெல்லாம் வேலையைப் பற்றித்தான் இருந்தது. வகுப்பு தப்பித்தது. கூட்டம் ஒன்றும் அலைமோதவில்லை, ஆனாலும் சாமான் அறைப் பேச்சு அதோடு நின்றது.

2. சேகரின் மகள்

தர்ஷினி நேர்காணலுக்குத் தானாக வந்தவள். படிப்பு வராதவள் என்று சொல்ல முடியாது, நல்ல மதிப்பெண்தான். ஏன் வயரிங் என்று கேட்டதற்கு, “வீட்டுல ஃபேன் ரிப்பேர் ஆனா அப்பா தட்டுவாரு டீச்சர். சில சமயம் சுத்தும், சில சமயம் சுத்தாது. ஏன்னு தெரிஞ்சுக்கணும்” என்றாள். ரஹிம் அந்த இடத்திலேயே அவள் பெயருக்கு நேராக டிக் அடித்துவிட்டார்.

மறுநாள் அவள் அப்பா சேகர் என் அறைக்கு வந்தார். கிள்ளான் துறைமுகத்தில் கொண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர், வீடு காப்பாரில். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“டீச்சர், எம்மவ என்ன முட்டாளா?”

“யார் சொன்னா?”

“பின்ன ஏன் பட்டறையில போட்டீங்க?”

நாங்கள் போடவில்லை, அவளே கேட்டு வந்தாள் என்பதை அவர் நம்புவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. ஐந்தாம் படிவத்தில் எல்லோரும் எழுதும் எஸ்.பி.எம். தேர்வும் எழுதலாம், அதோடு திறன் சான்றிதழும் கிடைக்கும் என்று விளக்கினேன். அரைமனதாகத் தலையாட்டினார். “சரி, படிக்கட்டும். ஆனா முடிச்சதும் எக்கவுண்ட்ஸ்தான். நான்தான் வெயில்ல காயறேன், அவளாவது ஏர்கோன்ல உக்காரட்டும்” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் வீட்டிலும் அதே கதைதான். என் அப்பா ரயில்வேயில் கிளார்க். பேனா பிடிக்காத உத்தியோகத்தை உத்தியோகக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்.

இரண்டு வருடம் ஓடியது. தேர்வு, திறன் சான்றிதழ் இரண்டிலும் தர்ஷினி தேறினாள். பாலிடெக்னிக்கில் மின்துறை டிப்ளமோவுக்கு இடமும் கிடைத்தது. சேகர் ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டார். அவள் என் அறையில் வந்து அழுதாள். மூக்கைச் சிந்திக்கொண்டே, “ஒரு நாள் அழுதா போதும்ல டீச்சர்?” என்று என்னையே கேட்டாள். இடத்தை ஏற்றுக்கொள்கிறோம் என்று பதில் சொல்ல வேண்டிய கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா சம்மதிக்காமல் பதில் போட மாட்டேன் என்பதிலும் அவள் பிடிவாதமாக இருந்தாள்.

சேகரைக் கூப்பிட்டுப் பேசினேன்.

“பொம்பளப் புள்ள ஏணியில ஏறி வயர் இழுக்கறத நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாங்க டீச்சர்?”

“யாருண்ணே அந்த நாலு பேரு?”

சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். அவரிடம் பதில் இருந்தது. “நம்ம ஊரு தமிழர் சங்கத்துல உள்ளவங்க. வருசா வருசம் விழா வச்சு படிச்ச புள்ளைங்களுக்கு பொன்னாடை போத்தறாங்க. வயரிங் படிச்ச புள்ள ஒன்னயாச்சும் கூப்பிட்டிருக்காங்களா? அவங்களே அத ஒரு படிப்பா நெனைக்கல.”

மனுஷர் சொன்னதில் தப்பே இல்லை. நம் ஆட்களுக்கு மேடையில் பொன்னாடை விழுந்தால்தான் அது படிப்பு. பட்டறைக்குப் பெற்றோரைக் கூப்பிட்ட எனக்குச் சங்கத்துக்குப் போக வேண்டும் என்று தோன்றாதது ஆச்சரியம்தான். அன்று சாயங்காலமே சங்கத் தலைவரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனுஷர், அள்ளிக் கொடுக்கிற கை, ஆனால் தேர்வில் வாங்கிய ‘ஏ’க்களின் எண்ணிக்கையைத் தவிர வேறு எந்தக் கணக்கும் அவருக்குத் தெரியாது.

“டீச்சர், இது சிறந்த மாணவர் விழா லா. ஏ எடுத்த புள்ளைங்களுக்குத்தானே…”

“இதுங்களும் சிறந்த மாணவருங்கதான் அண்ணே. அவங்க வேலையில சிறந்தவங்க.”

நான் எழுந்து போகிற மாதிரி இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. “சரி, கடைசியில நாலஞ்சு பேர சேத்துக்கலாம் லா” என்றார். சேகரிடம் சொன்னேன். மேடையில கூப்பிடறாங்களா, நிஜமாவா என்று இரண்டு தடவை கேட்டார். “அப்ப விழா முடியட்டும் டீச்சர், சொல்றேன்.” கெடு முடிவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை விழா. எனக்கு அது போதும்.

3. மின்சாரம் போன மண்டபம்

காலையிலேயே மண்டபம் நிறைந்துவிட்டது. பெரிய திரை, ஒலிபெருக்கி, மேடையைச் சுற்றிச் சின்னச் சின்ன விளக்குகள். எல்லாவற்றுக்கும் எக்ஸ்டென்ஷன் வயர், அந்த எக்ஸ்டென்ஷனில் இன்னொரு எக்ஸ்டென்ஷன். பின்கட்டில் சாப்பாட்டுக்காரர்கள் தேநீருக்கு மின்சாரக் கொதிகலத்தில் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தர்ஷினி மயில்கழுத்து நிறத்தில் பட்டுச் சேலை கட்டியிருந்தாள். சேகர் சலவை மடிப்புக் கலையாத சட்டையில் முதல் வரிசைக்கு அடுத்த வரிசையில், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

ஏ எடுத்தவர்களுக்கு எல்லாம் முடிந்தது. சிறப்பு விருந்தினராக வந்த பிரமுகர் களைத்துப்போய்க் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். அறிவிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்து, “அடுத்து, படிப்பு கொஞ்சம் ஏறலன்னாலும் கைத்தொழில்ல முன்னேறியிருக்கிற நம்ம பிள்ளைங்க” என்றார். அந்த ஆளின் வாயை அங்கேயே தைத்திருப்பேன். சேகரைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிள்ளைகள் மேடைப் படிக்கட்டருகே வரிசையாக நின்றார்கள். அந்த நேரத்தில் மொத்த மண்டபத்திலும் மின்சாரம் போனது.

ஏர்கோன் நின்றதும் புழுக்கம் ஏறியது. மின்பெட்டி மேடைக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது. தலைவர் ஆளுக்கு முன்னால் ஓடிவந்து தர்ஷினியைக் கூப்பிட்டார். “நம்ம வயரிங் புள்ளதான் இருக்கே! வாம்மா, கொஞ்சம் பாரு.” கூட்டத்தில் சிலர் கை தட்டினார்கள். இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது என்று எனக்கும் ஒரு நிமிடம் மனசு குளிர்ந்துபோனது.

அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, யாரோ பிடித்த கைப்பேசி வெளிச்சத்தில் பெட்டியைத் திறந்து பார்த்தாள். கசிவுத் தடுப்பு சுவிட்ச் விழுந்திருந்தது. ஆர்.சி.சி.பி. என்பார்கள். மின்சாரம் போக வேண்டிய வழியில் போகாமல் தண்ணீர் வழியாகவோ மனித உடம்பு வழியாகவோ மண்ணுக்குக் கசிந்தால், கண் இமைப்பதற்குள் வெட்டிவிடுகிற காவல்காரன் அது. தூக்கிவிட்டாள். உடனே விழுந்தது. மறுபடியும் தூக்கவில்லை.

“எங்கயோ லீக் ஆவுது அங்கிள். எல்லா ப்ளக்கையும் கழட்டிட்டு ஒன்னொன்னா போட்டுப் பாக்கணும்.”

“எவ்ளோ நேரம் ஆவும்?”

“தெரியல அங்கிள். இவ்ளோ எக்ஸ்டென்ஷன் இருக்கு.”

“விருந்தாளி செலாயாங்ல இன்னொரு ஃபங்ஷனுக்குப் போவணும்மா. அந்த சுவிட்ச்ச விட்டுட்டு டைரக்ட் குடுத்துடு. பத்து நிமிஷம்தானே!”

டைரக்ட் என்றால், அந்தக் காவல்காரனை நடுவிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு துண்டு வயரால் இந்தப் பக்கத்தை அந்தப் பக்கத்தோடு இணைத்துவிடுவது. விளக்கு எரியும். கசிவும் அதுபாட்டுக்குக் கசியும். நம் விழாக்களில் இது புதிதல்ல. கல்யாண மண்டபத்திலிருந்து திருவிழாப் பந்தல் வரைக்கும், அவசரத்துக்கு டைரக்ட் கொடுக்கத் தெரிந்தவன்தான் கெட்டிக்காரன் என்று பெயர்.

“முடியாது அங்கிள்.”

“தெரியாதா?”

“தெரியும். செய்ய மாட்டேன்.”

“அப்புறம் என்னாத்துக்கும்மா படிச்ச?”

“இத செய்யக்கூடாதுன்னுதான் அங்கிள் படிச்சேன்.”

யாரோ சிரித்தார்கள். தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது. பொருளாளர் எங்கிருந்தோ ஒரு துண்டு வயரைக் கொண்டுவந்து, நானே போடறேன், நகரு என்றார். அவள் நகரவில்லை. பெட்டியை மூடி அதில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். தலைவர் என் பக்கம் திரும்பினார். “டீச்சர், உங்க புள்ளதானே, எடுத்துச் சொல்லுங்க.”

உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பொன்னாடை அவளைவிட எனக்குத்தான் அவசரமாகத் தேவைப்பட்டது. பத்து நிமிடம்தானே என்று என் மனசும் சொல்லிற்று. ஆனால் அவள் முகத்தைப் பார்த்த பிறகு வேறு வார்த்தை வரவில்லை. “அவ வேணாம்னா வேணாம் அண்ணே” என்றேன்.

அதற்குள் சேகர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார். “தர்ஷினி! பெரியவங்க சொல்றாங்கல்ல? மானத்த வாங்காத, செஞ்சு குடு!”

அவள் அப்போதும் நகரவில்லை. “அப்பா, பின்னால போய்ப் பாருங்க. அக்காங்க வெறுங்கால்ல தண்ணியில நின்னு தட்டு கழுவறாங்க. யாராச்சும் தண்ணி காயற அந்தக் கெட்டிலத் தொட்டா என்ன ஆவும்?”

சேகர் பின்கட்டுப் பக்கம் பார்த்தார். திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டார். பிரமுகர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார். அவர் பின்னால் பாதிக் கூட்டமும் கிளம்பியது. அப்புறம்தான் தர்ஷினியும் அவள் வகுப்புப் பிள்ளைகளும் ஒவ்வொரு ப்ளக்காகக் கழற்றிப் பார்த்தார்கள். அந்தக் கொதிகலத்தைக் கழற்றியதும் சுவிட்ச் விழாமல் நின்றது, மண்டபம் முழுக்க விளக்கு எரிந்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததற்கு யாரும் பொன்னாடை போர்த்துவதில்லை. தலைவர் நாற்காலிகளை அடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த பொன்னாடைகள் நெகிழிப் பையோடு மேசைமேல் கிடந்தன, யாரையும் கூப்பிடவில்லை. சேகர் மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் சொல்லாமலே போய்விட்டார். எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டு நானும் ரயில் ஏறினேன்.

4. யார் சொல்லிக் கொடுத்தது

கெடு முடிகிற நாளன்று காலை, சேகர் பள்ளிக்கு வந்தார். வேலை உடுப்பு, கையில் ஹெல்மெட். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, சொல்ல வேண்டிய பதில்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டேன். இந்த முறையும் அவர் உட்காரவில்லை.

“டீச்சர், அத யாரு அவளுக்கு சொல்லிக் குடுத்தா?”

“எத?”

“முடியாதுன்னு சொல்றத.”

நான் பதில் சொல்வதற்குள் அவரே பேசத் தொடங்கிவிட்டார். “போன வருசம் ஒரு லோரிய எடுக்கச் சொன்னாங்க. பிரேக் சரியா புடிக்கல, எனக்கு நல்லா தெரியும். கப்பல் நிக்குது, எடுடான்னாங்க. முடியாதுன்னு சொல்ல வாய் வரல டீச்சர். சாமிய வேண்டிக்கிட்டு எடுத்தேன். ஸ்கூல் விடற நேரம். ரோட்டோரமா புள்ளைங்க நடந்து போவுதுங்க…” ஹெல்மெட்டைக் கை மாற்றிக்கொண்டார். “ஒன்னும் ஆவல. ஆனா இத்தன வருசத்துல ஒரு தடவகூட மாட்டேன்னு சொன்னதில்ல. இவ என்னடான்னா சின்னப் புள்ள, ஊரே பாக்க நின்னு சொல்றா. பெத்த அப்பன் அதட்டறேன், அசைய மாட்டேங்கறா.”

வாருங்கள் என்று பட்டறைக்கு அழைத்துப் போனேன். உள்ளே ரஹிம் முதலாளி வேஷத்தில் இருந்தார். வாரம் ஒரு நாள் அப்படி ஒரு பாடம் நடத்துவார். மாணவர்களின் வேலையில் ஏதாவது ஒன்றை அவரே ரகசியமாகக் கெடுத்து வைத்துவிட்டு, அவசரப்படுத்திக் கத்துவார். நாங்கள் வாசலில் நின்றபோது ஒரு மாணவியின் முன்னால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் காத்திருக்கிறார், ஏன் இன்னும் ஆன் பண்ணவில்லை, வேலை வேண்டுமா வேண்டாமா என்று மலாயில் ஒரே சத்தம். அந்தப் பெண் சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டு, “தாக் போலே, சிக்கு. எர்த் வயர் இல்ல” என்றாள். தாக் போலே என்றால் முடியாது, கூடாது. அவர் இன்னும் பெரிதாகக் கத்தினார். அவள் மறுபடியும் அதையே சொன்னாள். அதற்கப்புறம்தான் அவர் சிரித்து, மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். பயந்து ஆன் பண்ணுகிறவர்களுக்கு, வயரிங் எவ்வளவு அழகாக இருந்தாலும் முட்டைதான் என்று சேகருக்கு விளக்கினேன்.

தொழிற்கல்வியை எப்படி மேம்படுத்துவது என்று எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். புது இயந்திரம் வேண்டும், தொழிற்சாலைகளோடு ஒப்பந்தம் வேண்டும், டிப்ளமோவுக்கு வழி வேண்டும் என்று பேசினோம். எல்லாம் வேண்டியதுதான், நானும் அதற்கெல்லாம் அலைந்திருக்கிறேன். ஆனால் செய்யத் தெரிந்த பிள்ளைக்குச் செய்ய மறுக்கவும் பழக்க வேண்டும், அதற்கும் மதிப்பெண் போட வேண்டும் என்று எந்தக் கருத்தரங்கிலும் யாரும் பேசிக் கேட்டதில்லை. ஆலோசக வேலைக்கு வரும் இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் பள்ளிப் பட்டறையில் மாணவர்கள் முடியாது என்று சொல்கிறார்களா என்று முதலில் போய்ப் பாருங்கள்.

சேகர் வெகுநேரம் வாசலிலேயே நின்றார். ரஹிம் ஒவ்வொரு மேசையாகக் கத்திக்கொண்டு போவதையும், பிள்ளைகள் தலையாட்டி மறுப்பதையும் பார்த்தார். ஒரு பையன் பயந்து ஆன் பண்ணியபோது இவர்தான் முதலில் உச்சுக்கொட்டினார்.

“பாலிடெக்னிக்லயும் இத சொல்லிக் குடுப்பாங்களா டீச்சர்?”

“குடுக்கலன்னா உங்க மக அவங்களுக்கு சொல்லிக் குடுத்துடுவாண்ணே.”

அவர் சிரித்தார் என்று சொல்ல முடியாது. கைப்பேசியை எடுத்து மகளை அழைத்தார். அந்த இடத்துக்குச் சரின்னு இன்னிக்கே பதில் போட்டுடும்மா என்றார். அந்தப் பக்கம் அவள் என்னவோ கேட்டாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, “அன்னிக்கு நான் உன்ன அதட்டுனது தப்பும்மா” என்றார்.